வண்டியில் ஏறிய சனமும் பெட்டியில் விழுந்த வாக்கும்

ஒவ்வொரு தேர்தலும் முடிந்த பின்னர் புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்பார்கள். "கூட்டத்துக்கு அவ்வளவு சனம் போனதே, படங்களில் பார்த்தோமே, பிறகு வாக்கு மட்டும் எங்கே போனது?" 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி வட மாகாண சபைத் தேர்தல் நடந்து முடிந்த மறுவாரம் இந்தக் கேள்வி ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தது. அன்றைய ஆளுந்தரப்பின் கூட்டங்களுக்கு வன்னியில் பஸ் வண்டிகள் நிரம்பிச் சென்றதை நான் நேரில் கண்டவன். முடிவு வெளியானபோது 38 ஆசனங்களில் 30 ஆசனங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றிருந்தது. மத்தியில் ஆட்சியிலிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 7 ஆசனங்களே கிடைத்தன.

நண்பர்களின் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர் ஆதரவாளர், ஆதரவாளர் எனில் வாக்களிப்பார் என்பதே அந்தக் கணக்கு. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேர்தல்களைப் பற்றிச் செய்தி எழுதி வந்தவன் என்ற வகையில் நான் கண்டது வேறு. அச்சுறுத்தல் கண்ணுக்குத் தெரியும் ஒன்றின்மீதுதான் வேலை செய்யும். ஒருவர் கூட்டத்துக்குப் போனது தெரியும், போகாமல் நின்றதும் தெரியும். வாக்குச் சாவடிக்குப் போனதும் தெரியும். சின்னவிரலில் பூசிய மை அதற்குச் சாட்சி. மறைப்புக்குப் பின்னால் நின்று எந்தச் சின்னத்துக்கு நேரே புள்ளடி இட்டார் என்பது மட்டுமே தெரியாது. ஆகவே, மிரட்டுகின்றவன் தெரியாததை விட்டுவிட்டுத் தெரிவதைப் பிடித்துக்கொள்கிறான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எமது நாட்டின் தேர்தல் வரலாற்றில் முரண்போலத் தோன்றுகின்ற பல விடயங்கள் விளங்கிவிடும்.

கட்டாயக் கூட்டம் எவ்வாறு கூட்டப்படுகிறது என்பதைத் தூரத்தில் இருப்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மேடைக்குரிய பேச்சாளர் கொழும்பிலிருந்து வருவார். அதற்கு ஒரு வாரம் முன்னர் கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத் தலைவருக்கோ மாதர் சங்கச் செயலாளருக்கோ தொலைபேசி வரும். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்பது செய்தி. காலை ஏழு மணிக்குப் பாடசாலைச் சந்தியில் வண்டி நிற்கும். வண்டியின் வாசலில் ஒருவர் பெயர்ப் பட்டியலுடன் நிற்பார். வீட்டுத்திட்டப் பட்டியல், சமுர்த்திப் பட்டியல், வாழ்வாதார உதவிப் பட்டியல் என்று ஏற்கெனவே பல பட்டியல்களில் தமது பெயர் ஏறுமோ ஏறாதோ என்று காத்திருக்கும் சனங்களுக்கு இந்தப் பட்டியலும் அவற்றில் ஒன்றாகவே தோன்றும். எவரும் எவரையும் அடிக்கவேண்டியதில்லை, அதட்டவும் வேண்டியதில்லை. பட்டியலைக் கையில் வைத்திருப்பதே போதும். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், ஒரு தண்ணீர்ப் போத்தல், வெயிலுக்கு ஒரு தொப்பி. பேச்சாளர் பிந்தி வந்தால் வீடு திரும்ப இரவாகும். கூலி வேலைக்குப் போகின்ற பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும்.

இப்படிக் கொண்டு வரப்பட்ட சனம் மனதுக்குள் என்ன நினைக்கிறது என்பது கூட்டியவர்களுக்குத் தெரியாத விடயமன்று. அவர்களுக்கு வேண்டியது வேறு. மேடையில் இருப்பவரிடம் ஊரிலுள்ள இடைத்தரகர் தனது செல்வாக்கைக் காட்டுவதற்குத் தலைகள் தேவை. எத்தனை வண்டி நிரப்பினான் என்பதே அவனது அடுத்த பதவிக்கான தகுதி. அதைவிடப் பெரியது, அயலவர் அயலவரைக் காண்பது. கூட்டத்தில் நிற்கும் ஒருத்தி தன்னைச் சுற்றித் தன் ஊரே நிற்பதைக் காண்கிறாள். தான் மட்டுமே கட்டாயத்தின்பேரில் வந்தவள், மற்றவர்கள் விரும்பி வந்தவர்கள் போலும் என்ற ஐயம் அவளுக்கு வருகிறது. பக்கத்தில் நிற்பவளுக்கும் அதே ஐயம். மறுநாள் பத்திரிகையில் கூட்டத்தின் படம் அரைப் பக்கத்துக்கு வெளியாகும்போது, அந்த ஐயத்தை அச்சேற்றி மாவட்டம் முழுவதும் விநியோகித்தாயிற்று. கூட்டத்தின் தொகையை வைத்து வெற்றியை எதிர்வுகூறும் பழக்கம் பத்திரிகைத் தொழிலில் இன்றும் ஒழியவில்லை.

இது தமிழ்ப் பிரதேசங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்காக நாடெங்கிலுமிருந்து இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் வண்டிகளில் சனம் ஏற்றப்பட்டது. அந்த வண்டிகளுக்கான கட்டணத்தில் கோடிக்கணக்கான ரூபா செலுத்தப்படாமல் கிடந்தமை ஆட்சி மாறிய பின்னர் வெளிவந்தது. அந்தக் கூட்டங்களில் நின்றவர்களில் எத்தனை பேர் அன்று தோற்றவருக்கே வாக்களித்தார்கள் என்பதை எவராலும் சொல்லமுடியாது. சொல்லமுடியாமல் இருப்பதுதான் நல்லது.

அச்சுறுத்தலின் இந்த இயல்பை நான் முதலில் கண்டது சிறுவனாக இருந்த காலத்தில். 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இன்றி மேலும் ஆறு வருடங்கள் நீடிக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். எமது ஊர் மதில்களில் குடம் குடமாக வரைந்திருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் குடத்துக்கே விழுந்தன. தெற்கில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தரப்பு வாக்கெடுப்பு முகவர்கள் விரட்டப்பட்டார்கள் என்றும், சீட்டை மடிக்குமுன் காட்டிவிட்டுப் போடும்படி சில இடங்களில் வற்புறுத்தப்பட்டது என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒக்டோபர் 20 இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 81 வீதமானோர் வாக்களித்திருந்தனர். சர்வசன வாக்கெடுப்பில் அது 71 வீதத்துக்கும் கீழே இறங்கியது. விளக்கு 31 இலட்சத்து 41 ஆயிரத்து 223 வாக்குகளைப் பெற்றது. குடம் 26 இலட்சத்து 5 ஆயிரத்து 983.

சீட்டைக் காட்டிவிட்டுப் போடு என்று சொல்வதன் பொருள் என்ன? தெரியாமல் இருக்கும் அந்த ஒரே ஒன்றையும் தெரியும்படி செய்துவிடு என்பதுதான். ஜே.ஆர். ஜயவர்தன அதே ஆண்டு தமது கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத பதவி விலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். சாதாரண வாக்காளனுக்கு இருந்த மறைப்புக்கூட அந்த உறுப்பினர்களுக்கு இருக்கவில்லை.

ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்பதைக் கட்டுப்படுத்த முடியாதபோது, வாக்களிக்கவே விடாமல் செய்வது இன்னொரு வழி. 1988 டிசெம்பர் 19 ஜனாதிபதித் தேர்தலின்போது மக்கள் விடுதலை முன்னணியும் அதன் ஆயுதப் பிரிவும் தெற்கில் இதைச் செய்தன. சாவடிக்கு முதலில் வருபவர்களுக்கு மரணம் என்ற எச்சரிக்கை கிராமங்கள்தோறும் பரவியிருந்தது. 1982 இல் 81 வீதமாக இருந்த வாக்களிப்பு நாடளாவிய ரீதியில் 55 வீதமாக வீழ்ந்தது. என்னுடன் பணியாற்றிய மாத்தறைச் சிங்கள நண்பர் ஒருவரின் தந்தையார் பாடசாலை ஆசிரியர். அன்று ஒரு சாவடிக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டவர். விடியற்காலை முதல் மாலை வரை வெறும் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருந்ததை அவர் மகனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சாவடிக்கு எதிரேயிருந்த வீட்டின் யன்னல் சீலை இடையிடையே அசையுமாம். போக மனமிருந்தும் போகாத ஒருவர் அங்கே நின்றிருக்கிறார்.

அதே யன்னல் பதினேழு வருடங்களுக்குப் பின்னர் எங்கள் ஊரில் இருந்தது. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. அக்கறையில்லாமல் வீட்டிலிருப்பது ஒருவரது உரிமை. அதற்குத் துண்டுப்பிரசுர எச்சரிக்கைகள் தேவையில்லை. எச்சரிக்கைகள் வந்தன. வடக்கில் வாக்காளர்கள் சுதந்திரமாக வாக்களிக்க முடியவில்லை என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பாளர்களும் பதிவு செய்தார்கள். ஏழு இலட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம். அன்று மாலை கொழும்பிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து பெரும்பாலும் தவறாமல் வாக்களித்து வந்தவர் அவர்.

"ஒருத்தரும் வெளிக்கிடேல்லைத் தம்பி" என்றார். "பள்ளிக்கூட றோட்டிலை நாய்தான் படுத்துக் கிடக்குது. போயிட்டு வந்தா விரலிலை மை இருக்குமே, அதை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?"

போலி வாக்கைத் தடுப்பதற்காகப் பூசப்படும் மை அன்று வாக்களித்தவரைக் காட்டிக் கொடுக்கும் அடையாளமாகிவிட்டது. அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ, ரணில் விக்கிரமசிங்கவை 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786 வாக்குகளால் வென்றார். அதன் பின் நடந்தவற்றை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வாக்குகள் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றுவரை விவாதிக்கின்றவர்கள் இருக்கிறார்கள். என் கவலை அதுவன்று. ஓர் எழுபது வயதுப் பெண் தனது சின்னவிரலை நினைத்து அஞ்சி வீட்டுக்குள் இருந்தார் என்பதையும், அஞ்ச வைத்தவர்கள் எம்மவர்கள் என்பதையும் எமது எழுத்துகளில் மிகக் குறைவாகவே பதிவு செய்திருக்கிறோம். பஸ் வண்டியில் ஏற்றுவது கொடுமை என்றால் வீட்டுக்குள் இருத்துவதும் அதே கொடுமைதான். இரண்டிலும் பட்டியல் வைத்திருப்பவன் ஒருவன் இருக்கிறான்.

1999 ஜனவரி 25 இல் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தல் இந்த நாட்டின் மிக மோசமான தேர்தல்களில் ஒன்றாகப் பேசப்படுவது. அங்கே ஏற்றி இறக்குகின்ற சிரமத்தைக்கூட எடுக்காமல், முகவர்களை அடித்து விரட்டிவிட்டுக் குண்டர்களே சீட்டுகளில் புள்ளடியிட்டுப் பெட்டிகளை நிரப்பினார்கள். எதிரணியைச் சேர்ந்த பெண்கள் பகிரங்கமாக மானபங்கப்படுத்தப்பட்டார்கள். இரண்டு நாட்கள் கழித்து, ஜனவரி 27 இல், உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பொன்றை வழங்கியது. ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்களை அவசரகால ஒழுங்குவிதி மூலம் ஒத்திவைத்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஒருவர் உட்பட இருவர் தொடுத்த கருணாதிலக வழக்கு அது. மௌனமாகவும் இரகசியமாகவும் ஒருவர் தன் விருப்பத்தை வாக்கினால் வெளியிடுவது, மேடையில் நின்று நிகழ்த்தும் சிறந்த பேச்சுக்கு எந்த வகையிலும் குறைந்த கருத்து வெளிப்பாடு அல்ல என்ற கருத்தை நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அதிலே முன்வைத்தார். அந்தத் தீர்ப்பை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். மேடைக்கு முன்னால் கட்டாயமாக நிறுத்தப்படுகின்ற சனத்துக்கும் பேசுவதற்கென்று ஓர் இடம் உண்டு, அந்த இடம் மறைப்புக்குப் பின்னால் இருக்கிறது என்பதைச் சட்டத்தின் மொழியில் சொன்ன தீர்ப்பு அது.

ஆனால், அந்த இடத்தில் தான் தனியாகத்தான் நிற்கிறேன் என்று வாக்காளர் நம்பவேண்டும். நம்பாவிட்டால் மறைப்பு இருந்தும் பயனில்லை. 2013 பிரசாரக் காலத்தில் வன்னிக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தேன். கணவர் 2009 இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகளுடன் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர். முந்தைய நாள் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார்.

"போகாட்டி வீட்டுத்திட்டத்திலை பேர் வெட்டுப்படும் எண்டு சொல்லிச்சினம், போனன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் ஆருக்குப் புள்ளடி போட்டனான் எண்டு அவையளுக்குத் தெரியவருமோ ஐயா?"

தெரியவராது என்றேன்.

"பெட்டியிலை எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பேர் இருக்குமே. திறக்கேக்கை எங்கடை ஊர்ச் சீட்டு எண்டு தெரியாதோ?"

எத்தனையோ அரசியல் ஆய்வாளர்களிடம் கேள்விப்படாத கூர்மையான கேள்வி அது. அவருக்கு விளக்கினேன். எண்ணும் நிலையத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்துதான் எண்ணுவார்கள், முடிவு தேர்தல் தொகுதி அளவில்தான் வெளியாகும், உங்கள் ஊரின் சீட்டுகள் அயலூர்ச் சீட்டுகளுக்குள் கலந்துவிடும் என்றேன். வாக்காளர் அட்டையை எவராவது வாங்கிக்கொண்டாலும் அடையாள அட்டையைக் கொடுக்கவேண்டாம், அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம், அடையாளம் இல்லாமல்தான் முடியாது என்பதையும் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் அவர் வாக்களித்தாரா, யாருக்கு வாக்களித்தார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கும் உரிமையில்லை.

அந்தத் தேர்தலில் இராணுவத்தின் தலையீட்டைப் பொதுநலவாயக் கண்காணிப்புக் குழு தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. வாக்களிப்புக்கு முன்னதாகக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாள் காலையில் அவர் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தியுடன் உதயன் பத்திரிகையின் போலிப் பிரதி விநியோகிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னர் மாகாணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் சாவடிக்குச் சென்றார்கள். வண்டியில் ஏறிய அதே கால்கள்தான் சாவடிக்கும் நடந்தன.

இன்றைய நிலை வெகுவாக மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் நாட்டின் மிக அமைதியான தேர்தல்களில் ஒன்றாக நடந்தது. 2015 இல் உருவான சுயாதீனத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும், பல்லாண்டுகளாகச் சாவடி சாவடியாக நின்று குறிப்பெடுத்த பஃப்ரல் முதலான கண்காணிப்பு அமைப்புகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. சாவடிக்குள் கைத்தொலைபேசிக்குத் தடை இருப்பதும் முக்கியமானது. காட்டிவிட்டுப் போடு என்று 1982 இல் சொன்னவனின் பேரன் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லக்கூடும்.

எனினும், அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் என் மனதில் நிற்கிறது. காரணம், உள்ளூராட்சித் தேர்தல்கள் 2018 முதல் வட்டார முறையில் நடக்கின்றன. முடிவு வட்டாரம் வட்டாரமாக வெளியாகிறது. வட்டாரம் என்பது பல இடங்களில் ஒன்றிரண்டு ஊர்கள்தான். அன்று நான் அவருக்குச் சொன்ன பதிலை உள்ளூராட்சித் தேர்தலில் அதே உறுதியுடன் சொல்லமுடியாது. தனியொருவரின் புள்ளடி இப்போதும் இரகசியம். ஊரின் புள்ளடி இரகசியமல்ல. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் மன்னாரில் பேசிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, தமது கட்சி வெல்லும் சபையின் திட்டங்களுக்கு உடன் நிதி வழங்கலாம், ஏனைய சபைகளின் திட்டங்களைப் பலமுறை ஆராயவேண்டியிருக்கும் என்ற பொருளில் கூறியது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவர் எவரையும் மிரட்டவில்லை, எவரையும் வண்டியில் ஏற்றவில்லை என்று அவரது ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஊரின் வாக்கு ஆட்சியாளருக்குத் தெரியும், ஊருக்கு வரும் வீதியும் கிணறும் ஆட்சியாளரின் விருப்பம் என்ற இரண்டும் சேருமிடத்தில் பட்டியல் பிடித்து ஒருவன் வாசலில் நிற்கவேண்டிய தேவையே இல்லாமற் போகிறது.

வட்டார முறையில் முடிவை மறைப்பது நடைமுறையில் கடினம். ஆகவே மற்றைய பக்கத்தைத்தான் இறுக்கவேண்டும். ஒரு சபைக்கு எவ்வளவு நிதி, ஒரு குடும்பத்துக்கு வீடா இல்லையா, நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்குமா என்பவை எந்த அரசியல்வாதியின் மனநிலையையும் சாராமல், எழுதி வைத்த அளவுகோலின்படி, எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியலாக இருக்கவேண்டும். அப்படியொரு பட்டியல் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் கூட்டத்துக்குப் போகாதவர் பெயரை வெட்டுவதாக எவரும் சொல்லமுடியாது, சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்.

அதுவரைக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் பஸ் வண்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சனம் சோற்றுப் பார்சலுக்கு விலைபோய்விட்டது என்று எழுதாதீர்கள். அந்த வண்டிக்குள் யன்னலோரம் இருப்பவள் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டை நினைத்து வந்திருப்பாள். அவள் என்ன முடிவுடன் வீடு திரும்புகிறாள் என்பதை வாக்கு எண்ணும் நாள்வரை பொறுத்திருந்து பாருங்கள்.